டிக்ஸ் ஏறும், இறங்கும்: பெயர் வாங்குவது எந்த மருந்து?

ஆறு வயதுப் பையன் கண்ணைப் படபடவென்று சிமிட்டுகிறான். கண் டாக்டர் பார்க்கிறார். பவர் இல்லை, அலர்ஜியாக இருக்கும் என்று சொட்டு மருந்து எழுதுகிறார். இரண்டு வாரத்தில் சிமிட்டல் நின்றுவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து மூக்கை உறிஞ்ச ஆரம்பிக்கிறான். சளி கிடையாது, ஆனால் நாள் முழுக்க உறிஞ்சல். காது மூக்கு தொண்டை டாக்டர் செட்ரிசின் கொடுக்கிறார். மூன்று வாரத்தில் அதுவும் போய்விடுகிறது. அடுத்து கழுத்தை ஒரு பக்கம் வெடுக்கென்று வெட்டி இழுப்பது. பாட்டி பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார், கொடுத்ததும் குறைகிறது. வீட்டின் கணக்கில் மூன்று நோய், மூன்று மருந்து, மூன்றும் பலித்துவிட்டன. உண்மையில் வந்தது ஒரே நோய், அதன் பெயர் டிக்ஸ். மூன்று மருந்தில் ஒன்றுகூட அதைத் தொடவில்லை.

டிக்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தில் ஆரம்பிப்பார்கள். இங்கே பையனின் சொட்டு மருந்தில் ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. டிக்ஸின் அடிப்படைக் குணமே ஏறி இறங்குவதுதான். பெற்றோர் டாக்டரைத் தேடி ஓடுவது உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு இறக்கம் எப்படியும் வரும். அந்த இடைவெளியில் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போய்ச் சேரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இந்தத் துறையின் நூறு வருட ஆராய்ச்சியைப் படிக்கும்போது, எத்தனை காக்கைகளை விஞ்ஞானிகளும் நம்பினார்கள் என்று பார்ப்பது ஒரு பாடம்.

சொற்களை ஒழுங்குபடுத்திக்கொள்வோம். டிக் என்பது திடீரென்று, வேகமாக, ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது சத்தம். கண் சிமிட்டுவது, தோள் குலுக்குவது, முகம் சுளிப்பது அசைவு டிக். கனைப்பது, மூக்கு உறிஞ்சுவது, சின்னதாக ‘ம்’ போடுவது குரல் டிக். குறைந்தது இரண்டு அசைவு டிக்கும் ஒரு குரல் டிக்கும் எப்போதாவது இருந்து (ஒரே சமயத்தில் இருக்க வேண்டியதில்லை), 18 வயதுக்கு முன் ஆரம்பித்து, ஒரு வருடத்தைத் தாண்டினால் அது டூரெட். ஒரு வகை மட்டும் ஒரு வருடத்தைத் தாண்டினால் நாட்பட்ட டிக். ஒரு வருடம் ஆகவில்லை என்றால் தற்காலிக டிக். டூரெட் என்றதும் கெட்ட வார்த்தை கத்துபவர்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. அது பத்துப் பேரில் ஒருவருக்கு, அல்லது சற்றே அதிகமானவர்களுக்கு வருவது. மற்றவர்களுக்குச் சிமிட்டலும் கனைப்பும்தான்.

பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கும். 10 முதல் 12 வயதில் உச்சம். அதன்பிறகு பதின்வயது முழுக்க மெல்ல இறங்குவதே பொது வழக்கம். ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். ஆக, நாள், மாத அளவில் ஓர் ஏற்ற இறக்கம்; அதன் மேலே வருடக் கணக்கில் இன்னொரு பெரிய வளைவு. 12 வயதில் தொடங்கிய எந்தச் சிகிச்சையும் 15 வயதில் வெற்றி போலத் தெரிவதற்கு இந்தப் பெரிய வளைவே போதும்.

வெளியே தெரிவது அசைவு. உள்ளே நடப்பது வேறு. எட்டு, பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம் நிதானமாகக் கேட்டால் சொல்லும்: முதலில் அந்த இடத்தில் ஒரு இறுக்கம், அரிப்பு, ‘சரியா இல்லாத மாதிரி’ ஓர் உணர்வு. அசைத்தால் ஒரு நொடி ஆறுதல். மறுபடி அதே இறுக்கம். தும்மல் வரப்போகும் கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனால் கவனம் முழுக்க அதில் போய்விடும். அதனால்தான் பள்ளியில் ஏழு மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு வீட்டு வாசலைத் தாண்டியதும் கொட்டுகிறது. ‘மிஸ் முன்னாடி பண்ண மாட்டேங்கிறான், நம்மகிட்ட மட்டும் வேணும்னே பண்றான்’ என்ற புகாருக்கு விடை இதுதான்.

டிக் இல்லாத சில, டிக் வேஷத்தில் வரும். நம் ஊரில் முதலில் ஒதுக்க வேண்டியது ருமாட்டிக் காய்ச்சலோடு வரும் சிடன்ஹாம் கொரியா என்ற அசைவு நோய். அதில் அசைவு ஒரே அச்சில் வராது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வழிந்து ஓடும், கையில் டம்ளர் நழுவும், கையெழுத்து குலையும், அடக்கச் சொன்னால் முடியாது. அப்படி இருந்தால் இதய எக்கோ எடுக்காமல் விடக்கூடாது. மூன்று வயதுக்கு முன்பே தொடங்கி, சந்தோஷத்தில் இரண்டு கையையும் படபடக்கும் வழக்கம் வேறு வகை. அந்தப் பிள்ளைகள் அதை விரும்பியே செய்வார்கள். வலிப்பில் நினைவு மங்கலாம், அசைவை இடையில் நிறுத்தச் சொன்னால் நிற்காது. இவையெல்லாம் கதையைக் கேட்டும் செல்போன் வீடியோவைப் பார்த்தும் பிரிக்கக்கூடியவை. வழக்கமான டிக்ஸுக்கு மூளை ஸ்கேனும், மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இஇஜியும் எதையும் காட்டாது. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி எழுதும் வைட்டமின் ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி கணக்கு எடுக்கும் விஷயம். பலர் தாண்டிப் போகும் இடம் இது, எனக்கோ இதுதான் முக்கியம்.

டிக்ஸ் நேர இடைவெளியில் ஒரு விசித்திரம் உண்டு. நொடிக் கணக்கில் பார்த்தால் நாலைந்து டிக் கொத்தாக வரும், பிறகு அமைதி. அந்தக் கொத்துகள் மணிக் கணக்கில் மறுபடி கொத்துகளாகச் சேரும். அவை வாரங்களாக, வாரங்கள் மாதங்களாக. கொத்துக்குள் கொத்து. அதனால் ‘இன்னைக்கு ரொம்ப அதிகம்’ என்ற வாக்கியத்துக்கு மருத்துவ மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். ஞாபகமும் உச்சத்தைத்தான் பிடித்துவைக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது: தொல்லை தருகிற ஒரே ஒரு டிக்கைத் தேர்ந்தெடுங்கள். வாரத்தில் மூன்று நாள், அதே நேரம், அதே வேலை (வீட்டுப்பாடம் என்றால் வீட்டுப்பாடம், டிவி என்றால் டிவி), பத்து நிமிட வீடியோ. பிறகு தனியாக உட்கார்ந்து எண்ணுங்கள். சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே மூன்று வாரம் இப்படி எடுத்து வைத்தால் உங்கள் பிள்ளையின் இயற்கையான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று கையில் இருக்கும். பத்து நிமிடத்துக்கு 12 முதல் 40 வரை தானாகவே ஆடுகிற பிள்ளைக்கு, மருந்து கொடுத்த மறுவாரம் 18 வந்தால் அது செய்தியே இல்லை.

இதிலும் தப்பு நடக்கும். போனை முகத்துக்கு நேராகப் பிடித்தால் பிள்ளை அடக்கிக்கொள்ளும். அலமாரியில் சாய்த்து வைத்து, முதல் சில நாள் வீடியோவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். பிள்ளைக்குத் தெரியாமல் எடுக்கவும் கூடாது, நம்பிக்கை போய்விடும். எண்ணும்போது பிள்ளை பக்கத்தில் இருக்கக்கூடாது. டிக் பற்றிப் பேசினாலே டிக் கூடும். பலர் முன்னால் கனைப்பைப் பற்றிக் கேட்டவுடன் கனைப்பு வருவதை எந்தக் கிளினிக்கிலும் பார்க்கலாம்.

டிக்ஸின் கடுமையை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் யேல் அளவுகோல் 1989இல் வந்தது. எத்தனை வகை டிக், எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு பலம், எவ்வளவு சிக்கலான அசைவு, செய்துகொண்டிருக்கும் வேலையை எவ்வளவு குலைக்கிறது என்று ஐந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. அசைவுக்கு 25, குரலுக்கு 25, மொத்தம் 50. வாழ்க்கை எவ்வளவு பாதிக்கிறது என்பதற்குத் தனியாக 50. இந்த முதல் ஐம்பதில் கால் பங்கு குறைந்தால்தான் உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கீழே வரும் எண்களைப் படிக்க இது வேண்டும்.

காரணத்துக்கு வருவோம். 1825இல் பிரான்சில் இட்டார் என்ற டாக்டர் ஒரு பிரபுக் குடும்பப் பெண்மணியைப் பற்றி எழுதினார். 1885இல் ஜில் த லா டூரெட் ஒன்பது நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார். அவருடைய குரு ஷார்கோ நோய்க்கு அவர் பெயரையே வைத்தார். பரம்பரையில் வரும் நரம்பு நோய் என்றுதான் அப்போதே நினைத்தார்கள். பிறகு மனப்பகுப்பாய்வுக் காலம் வந்து, அடக்கப்பட்ட ஆசை, அம்மாவின் வளர்ப்பு என்று அரை நூற்றாண்டு போயிற்று. 1961இல் ஹாலோபெரிடால் என்ற மாத்திரை டிக்ஸைக் குறைப்பதாகச் செய்தி வந்தது. 1968இல் அமெரிக்காவின் ஷாபிரோ தம்பதி அதை வைத்தே மனப்பகுப்பாய்வு விளக்கத்தை எதிர்த்து எழுதினார்கள். மாத்திரைக்கு அடங்கும் அசைவுக்கு அம்மாவைக் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை என்ற அந்த வாதத்தில் தர்க்க ஓட்டை இருக்கிறது, ஆனால் முடிவு சரியாக அமைந்துவிட்டது.

பரம்பரை என்பதில் இப்போது சந்தேகம் இல்லை. 1985இல் வந்த இரட்டையர் ஆய்வில், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு டூரெட் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 53 சதவீதம். இரு கரு இரட்டையரில் 8 சதவீதம். 2015இல் ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு, டிக் கோளாறுகளில் பரம்பரையின் பங்கு சுமார் 77 சதவீதம் என்று கணக்கிட்டது. ஆனால் ‘டூரெட் ஜீன்’ என்று ஒன்று கிடையாது. நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். விதிவிலக்காக 2010இல் ஒரு குடும்பம் வெளிச்சத்துக்கு வந்தது: தகப்பனுக்கும் எட்டுப் பிள்ளைகளுக்கும் டூரெட், ஒன்பது பேரிடமும் ஹிஸ்டமைன் தயாரிக்கும் நொதியின் மரபணுவில் ஒரே பிழை. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் மற்ற நோயாளிகளில் தேடியபோது அந்தப் பிழை அநேகமாகக் கிடைக்கவே இல்லை. வீட்டில் மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மூளைக்குள் எங்கே? மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து கிளம்பி, ஸ்ட்ரியாட்டம் என்ற ஆழ்பகுதி வழியாகத் தாலமஸ் போய்ப் புறணிக்கே திரும்பும் ஒரு சுற்று இருக்கிறது. எந்த அசைவு வெளியே போகலாம், எது வேண்டாம் என்று வடிகட்டுவது அங்கேதான். இறந்துபோன டூரெட் நோயாளிகளின் மூளையை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழுவினர் 2005இலும் 2010இலும் ஆராய்ந்தார்கள். ஸ்ட்ரியாட்டத்தில் மற்ற செல்களை அடக்கிவைக்கும் ஒரு வகை இடைநரம்புச் செல்கள் பாதியளவுக்குக் குறைந்திருந்தன. வாட்ச்மேன் பாதிப் பேர் வேலைக்கு வராத கட்டடம் மாதிரி. ஆனால் பார்த்த மூளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையும் கடுமையான நோய் இருந்த பெரியவர்களுடையவை. எனவே சிமிட்டும் ஆறு வயதுப் பிள்ளையின் மூளையிலும் இதேதான் என்று சொல்ல முடியாது.

தொண்டைத் தொற்று விவகாரம்தான் ஏற்ற இறக்கப் பொறிக்கு நல்ல உதாரணம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணுக்குப் பிறகு திடீரென்று டிக்ஸும் ஓசிடியும் (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் கோளாறு) வரும் பிள்ளைகள் உண்டு என்று 1998இல் அமெரிக்காவில் ஒரு குழு விவரித்தது. அதிலிருந்து டிக் ஏறும்போதெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் பரவியது. யோசித்துப் பாருங்கள்: டிக் ஏறும் வயதும் தொண்டைப்புண் வரும் வயதும் ஒன்றே. வருடத்துக்கு நாலு முறை ஏறும் டிக், இரண்டு முறை வரும் தொண்டைப்புண். தேடினால் பொருத்தம் கிடைக்காமல் இருக்குமா? இதை நேராகச் சோதிக்க ஐரோப்பாவில் பல மையங்கள் சேர்ந்து, நாட்பட்ட டிக் உள்ள 715 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். தொண்டைச் சளி, ரத்தம் எல்லாம் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். 2021இல் முடிவு: புதிதாக ஸ்ட்ரெப் தொற்றியதற்கும் டிக் ஏறியதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஒரே இரவில் கடுமையான ஓசிடியோடு ஆளே மாறிப்போகும் பிள்ளையின் கதை வேறு, அதற்குத் தனி விசாரணை வேண்டும். வழக்கமான டிக்ஸுக்கு மாதாமாதம் அசித்ரோமைசின் தேவையில்லை.

சிகிச்சை. முதல் இடத்தில் மாத்திரை இல்லை. 2019 அமெரிக்க நரம்பியல் அகாடமியின் வழிகாட்டுதலும் 2021 ஐரோப்பிய வழிகாட்டுதலும் நடத்தைப் பயிற்சியைத்தான் முதலில் சொல்கின்றன. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் தொடங்கிய முறை அது; இன்று சி-பிட் (CBIT) என்ற பெயரில் எட்டு அமர்வுகளாக இருக்கிறது. பெயரைச் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. ஒரே ஒரு டிக்கை எடுத்து எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்: கழுத்தை வலது பக்கம் வெட்டுவது.

முதலில் விவரணை. பிள்ளையும் பயிற்சியாளரும் அந்த ஒரு நொடியை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள். எது முதலில்? வலது காதுக்குக் கீழே இறுக்கம். அப்புறம் தாடை லேசாக மேலே ஏறும். தோள் ஓர் இஞ்ச் உயரும். பிறகு வெட்டு. இதைப் பிள்ளையே தன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்தது கண்டுபிடிக்கும் பயிற்சி: பேசிக்கொண்டிருக்கும்போது வெட்டு வந்ததும் விரலைத் தூக்க வேண்டும். சில நிமிடத்தில் வெட்டுக்குப் பிறகு தூக்கிய விரல், தாடை ஏறும்போதே தூக்கப்படும். அதன்பிறகு இறுக்கம் தெரிந்ததும். பத்துக்கு எட்டு முறை முன்கூட்டியே பிடித்தால் அடுத்த படி.

அடுத்த படி மாற்று அசைவு. தாடையைக் கொஞ்சம் கீழே, மார்பை நோக்கி இறக்கி, கண் நேரே பார்க்க, கழுத்துத் தசைகளை மெல்ல இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கம் வந்த உடனே ஆரம்பித்து ஒரு நிமிடம், அல்லது இறுக்கம் அடங்கும் வரை. இரண்டில் எது நீளமோ அது. மாற்று அசைவுக்கு நிபந்தனை மூன்று: அதைச் செய்துகொண்டே டிக்கைச் செய்ய முடியாதபடி இருக்க வேண்டும், வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்குத் தெரியக்கூடாது, எழுதிக்கொண்டே செய்ய முடிய வேண்டும். கனைப்புக்கு வாயை மூடி மூக்கு வழியாக வயிறு அசையும்படி மெல்ல மூச்சு. தோள் குலுக்கலுக்கு முழங்கையை விலாவோடு ஒட்டித் தோளைக் கீழே அழுத்துவது. சிமிட்டலுக்கு மூன்று முதல் ஐந்து நொடிக்கு ஒரு முறை வேண்டுமென்றே மெதுவாகச் சிமிட்டுவது. கண்ணை அகலத் திறந்து முறைத்தால் கண் காய்ந்து சிமிட்டல் கூடும்.

கெட்டுப்போகும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றே. ரொம்ப அழுத்திப் பிடித்துக் கழுத்து வலி வரவைப்பது: பத்தில் மூன்று பலம் போதும். இடது பக்கம் வெடுக்கென்று திருப்பி ஈடுகட்டுவது: அதுவே அடுத்த மாதம் புது டிக்காக நிற்கும். பத்தாவது நொடியில் விட்டுவிடுவது: இறுக்கம் உச்சத்தில் இருக்கும்போது விட்டால், அசைத்தால்தான் ஆறுதல் என்ற பாடம் இன்னும் அழுத்தமாகப் பதியும். பிடித்தே இருந்தால் இறுக்கம் தானாகக் கரையும் என்று உடம்பு கற்றுக்கொள்வதற்குத்தான் அந்த ஒரு நிமிடம். ஒரே நேரத்தில் ஐந்து டிக்கைப் பிடிப்பது இன்னொரு தப்பு. அமர்வுக்கு ஒன்று, தொல்லை அதிகமானது முதலில். எல்லாவற்றையும்விடப் பெரியது அப்பா அம்மா போலீஸ் ஆவது. ‘பண்ணு, பண்ணு, கழுத்தைப் பிடி’ என்று நாள் முழுக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் பிள்ளை மொத்தத்தையும் கைவிடும். முன்கூட்டி ஒத்துக்கொண்ட ஒரு சைகை, அதுவும் பயிற்சி நேரத்தில் மட்டும். செய்ததைப் பார்த்தால் ஒரு வார்த்தை பாராட்டு. டிக் வந்ததைப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

சி-பிட்டின் மறுபாதி சூழ்நிலை. வீட்டுப்பாடம் தொடங்கியதும் டிக் ஏறுகிறது, ‘சரி, பாவம், விடு, போய்ப் படு’ என்று அம்மா சொல்கிறார். கருணைதான், ஆனால் டிக் வந்தால் பாடம் தப்பும் என்று மூளை கணக்குப் போட்டுவிடும். அதற்குப் பதில் டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருபது நிமிடப் பாடம், ஐந்து நிமிட இடைவேளை என்று கடிகாரத்தோடு கட்டிவிட வேண்டும்.

பலன் எவ்வளவு? 2010இல் 9 முதல் 17 வயதுள்ள 126 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு சி-பிட், மறுபாதிக்கு ஆறுதலாகப் பேசி நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது. பத்து வாரம். சி-பிட் பக்கம் யேல் மதிப்பெண் 24.7இலிருந்து 17.1. பேச்சு பக்கம் 24.6இலிருந்து 21.1. இந்த இரண்டாவது ஜோடியை நன்றாகப் பாருங்கள். மூன்றரைப் புள்ளி, பயிற்சியே இல்லாமல், இயற்கையான இறக்கமும் யாரோ அக்கறையாகப் பேசியதும் சேர்ந்து தந்தது. சொட்டு மருந்தும் பூச்சி மருந்தும் வாழ்வது இந்த மூன்றரையில்தான். பயிற்சியின் சொந்தச் சம்பாத்தியம் மீதி நாலு. மாயம் இல்லை, ஆனால் நிஜம். நன்றாகத் தேறினார்கள் என்று மதிப்பிடப்பட்டவர்கள் 52.5 சதவீதம், எதிர்ப்பக்கம் 18.5.

அடக்கினால் பின்னால் இரண்டு மடங்காக வெடிக்கும் என்ற பயம் பழையது, டாக்டர்களிடமும் இருந்தது. 2004இல் ஒரு சின்னப் பரிசோதனை: பிள்ளையின் முன்னால் ஒரு பெட்டி, டிக்கைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் என்று சொல்லி வைத்தார்கள், பத்து நொடி டிக் இல்லாமல் இருந்தால் ஒரு டோக்கன் விழும். உண்மையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த ஆள்தான் டோக்கன் போட்டார். சும்மா ‘அடக்கு’ என்று சொன்னபோது பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. டோக்கன் விழுந்தபோது முக்கால் பங்கு. ‘பண்ணாதே’ என்ற அதட்டலின் சக்தி எவ்வளவு என்பதும் இதில் தெரிந்துபோகிறது. அதன்பின் வந்த சோதனைகளில், அடக்கி முடித்தபிறகு டிக் பழைய அளவுக்குத் திரும்பியதே தவிர அதைத் தாண்டி வெடிக்கவில்லை.

பயிற்சியாளர் கிடைப்பதுதான் சிக்கல். பிரிட்டனில் 224 பிள்ளைகளுக்கு இணையம் வழியாகவே, டிக்கை அடக்கி உணர்வைத் தாங்கும் பயிற்சி கொடுத்து 2021இல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் 4.5 புள்ளி இறக்கம், எதிர்ப்பக்கம் 1.6. நேரில் செய்வதைவிடக் குறைவு. ஒன்றுமே இல்லாததைவிட நிச்சயம் மேல்.

மாத்திரை எப்போது? வலி, காயம், தூக்கம் கெடுதல், பள்ளிக்குப் போக மறுப்பு, பயிற்சி கிடைக்காமை அல்லது பலிக்காமை. பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்பது காரணம் ஆகாது. அதற்கும் முன்னால் ஒன்று: டூரெட் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ஏடிஎச்டி (கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும்) இருக்கிறது, கணிசமானவர்களுக்கு ஓசிடி. மதிப்பெண் குறையவும் வீட்டில் சண்டை வரவும் பல சமயம் அவைதான் காரணம். பழி கண்ணில் படும் டிக்குக்குப் போகிறது. ஏடிஎச்டி மருந்தான மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தால் டிக் ஏறும் என்று மறுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2002இல் 136 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு, போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அந்த மருந்து சாப்பிட்டவர்களுக்கு டிக் கூடவில்லை என்றது. தனிப்பட்ட ஒரு பிள்ளைக்கு ஏறலாம், அதற்குத்தான் மேலே சொன்ன வீடியோ.

மாத்திரையில் பல மருத்துவர்கள் முதலில் எடுப்பது கிளோனிடின். இரத்த அழுத்த மாத்திரைதான். இரவு 50 மைக்ரோகிராமில், அதாவது 100 மைக்ரோகிராம் மாத்திரையில் பாதியில் ஆரம்பித்து, சில நாளுக்கு ஒரு முறை அரை மாத்திரையாக, நாளில் பிரித்துப் பிரித்து ஏற்றுவார்கள். தூக்கம் வரும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். பெரிய ஆபத்து ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுப் போவது; திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம். முதல் வாரத்திலேயே குறைந்துவிட்டது என்றால் காக்கையைத் தேடுங்கள்.

அடுத்து மனநோய்க்கும் கொடுக்கும் அரிப்பிப்ரசோல், ரிஸ்பெரிடோன். அரிப்பிப்ரசோலை அமெரிக்கா 2014இல் 6 முதல் 18 வயது டூரெட்டுக்கு அனுமதித்தது. 50 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு 2 மி.கி. தொடக்கம், இலக்கு 5, உச்சம் 10. கண்காணிக்க வேண்டியது எடை. ஆரம்பிக்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு. மூன்று மாதத்தில் மறுபடி. உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கும் அமைதியின்மை வந்தால் அதை டிக் ஏறிவிட்டது என்று நினைத்து டோஸைக் கூட்டுவது அடிக்கடி நடக்கும் தப்பு. ஓசிடிக்கு ஃப்ளுவாக்ஸெடின் சேர்த்தால் அரிப்பிப்ரசோலின் அளவு இரத்தத்தில் கூடும், டோஸைப் பாதியாக்க வேண்டிவரும். டிக்குக்கான பழைய மாத்திரை பிமோசைடு சாப்பிடுகிறவர்கள் தொண்டை வலிக்கு மருந்துக்கடையில் அசித்ரோமைசின் கேட்டு வாங்கவே கூடாது. இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைத்து உயிருக்கே ஆபத்தாகும் ஜோடி அது.

புது மருந்துச் செய்திகளைப் படிக்க ஒரு முன்னுதாரணம். டியூட்ரா-டெட்ராபெனசின், டோபமைனைச் செல்லுக்குள் சேமிக்கும் வழியை அடைக்கும் மாத்திரை. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் 23 பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிக் குறைந்தது. பெரிய அளவில், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு இரண்டு ஆய்வு நடத்தினார்கள்; 2021இல் வெளியானபோது இரண்டிலும் வித்தியாசம் இல்லை. மாத்திரை கெட்டுப்போகவில்லை. போலி மாத்திரை சாப்பிட்டவர்களும் இறங்கினார்கள். டோபமைனின் டி1 வாயிலை அடைக்கும் எக்கோபிபாம் 2023இல் 153 பேர் ஆய்வில் போலி மாத்திரையை முந்தியது, எடையும் ஏறவில்லை. அதனால்தான் அதன் மேல் இத்தனை கண்.

மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவையிலும் இதே பாடம். 1999இல் தொடங்கியது. 185 நோயாளிகளின் சர்வதேசப் பதிவேட்டில் ஒரு வருடத்தில் சராசரி 45 சதவீத இறக்கம். மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு பக்கவிளைவு. ஆனால் பிரான்சில் 16 பேருக்குக் கரண்டை யாருக்கும் தெரியாமல் போட்டும் போடாமலும் மூன்று மாதம் ஒப்பிட்டபோது, 2017இல் வந்த அந்த முடிவில் தெளிவான வித்தியாசம் இல்லை. மூன்று மாதம் போதாமல் இருந்திருக்கலாம். எல்லா வழியும் அடைபட்ட, கழுத்தை வெட்டி வெட்டித் தண்டுவடமே நசுங்கும் நிலையில் உள்ள பெரியவர்களுக்கான கடைசிக் கதவு அது. கை மணிக்கட்டில் வாட்ச் போலக் கட்டி நடு நரம்பைச் சீரான தாளத்தில் தூண்டும் கருவியை பிரிட்டனின் நாட்டிங்ஹாம் குழு 121 பேரிடம் சோதித்தது. போலிக் கருவி கட்டியவர்களைவிட அதிகம் பேருக்குக் கால் பங்கு குறைந்தது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 15 நிமிடம், நாலு வாரம். நல்ல ஆரம்பம்.

2020, 21இல் உலகமெங்கும் கிளினிக்குகளில் ஒரு புதுக் கூட்டம் வந்தது: பதின்வயதுப் பெண்கள், ஒரே நாளில் தொடக்கம், கை வீசி அடிப்பது, முழு வாக்கியம் கத்துவது. சமூக ஊடக வீடியோக்களில் வந்த அதே அசைவு, அதே வார்த்தை. டூரெட் அப்படி ஆரம்பிக்காது. சின்ன வயதில், முகத்திலிருந்து, சிமிட்டலாக ஆரம்பிக்கும். இது நடிப்பு அல்ல, வேறு வகைக் கோளாறு. ஹாலோபெரிடால் கொடுத்தால் தூங்கி விழுவார்கள், அசைவு போகாது.

கடைசியாக மாத்திரையை நிறுத்தும் விஷயம், பலர் மறப்பது. 11 வயதில் ஆரம்பித்த மாத்திரை 16 வயதிலும் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய வளைவு எப்போதோ இறங்கியிருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, பரீட்சை இல்லாத கோடை விடுமுறையில், டாக்டரோடு பேசி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு வீதம் குறைத்துப் பார்க்கலாம். குறைக்கும் முன் மூன்று வாரம் வீடியோ. ரிஸ்பெரிடோன் வகையைக் குறைத்த முதல் சில வாரத்தில் டிக் எகிறுவது மாத்திரை விலகும் எதிர்வினையாகவும் இருக்கும். அந்த வாரத்து எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து பழைய டோஸுக்கு ஓடாமல் நாலு வாரம் பொறுத்து, அதே பத்து நிமிடம், அதே மேசை, அதே வீட்டுப்பாடம் என்று வைத்து மறுபடி எண்ணுங்கள்.